பெட்டி பூட்டிய மிசின்

பரந்தனில் தொடங்கி முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவைத் தாண்டிப் புதுக்குடியிருப்புக்குப் போகும் வழியில் இருக்கிறது உடையார்கட்டு. குளம், குளத்தின் கீழ் வயல், வயலைச் சுற்றிக் காடு. இந்தப் பக்கத்துக் கமக்காரக் குடும்பங்களுக்கு வாகனம் என்றால் அது நெடுங்காலம் காரோ வானோ அல்ல. ஊரில் ‘மிசின்’ என்று சொல்லும் உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டிய பெட்டியும்தான். விதைநெல் போனதும் அதில், விளைந்த நெல் வந்ததும் அதில். பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கோயில் பொங்கலுக்கு இனசனத்தோடு போய்த் தங்கி வந்ததும் அதில். கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது ஏறியதும் அதே பெட்டியில்தான்.

குடும்பத்தோடு வெளியூர் போய்த் தங்குவதற்கென்றே வண்டி செய்தவர்கள் உலகத்தில் உண்டு. வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் 1885 இல் குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டுப் பிரித்தானியாவைச் சுற்றி வந்தார். அமெரிக்காவின் புளோரிடாவில் காரும் கூடாரமுமாக ஊர் சுற்றியவர்கள் 1919 இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். இன்றைய பயணப் பெட்டிவண்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் குறிப்பிடுவார்கள். உடையார்கட்டு அடங்கிய வன்னிக்கு ஓய்வுக்கென்று தனி வண்டி வரவில்லை. வேலைக்கு வாங்கியதே பயணத்துக்கும் வீடாக வேண்டியிருந்தது. அதனால் எதை வாங்குவது, எப்படிப்பட்ட பெட்டியைப் பூட்டுவது என்பது இங்கே ஒரு குடும்பம் பல நாள் இருந்து யோசித்து எடுக்கும் முடிவு.

மிசினுக்கு முன்னால் இருந்தது மாட்டு வண்டில். வடபகுதிக்கான ரயில் பாதை 1905 இல் முழுமையாகத் திறந்தபோது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று மேற்குப் பக்கமாகவே போனது. முல்லைத்தீவுப் பக்கத்துக்குத் தண்டவாளம் அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1895 இல், ஆங்கிலேய நிர்வாகியான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைநூல் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்து வன்னி என்பது உடைந்த குளங்களும் அடர்ந்த காடும், நடுவே தூரந்தூரமாகக் கிடந்த சிறு ஊர்களும்தான். ஊருக்கு ஊர் போவதற்கு வண்டில் பாதைகளே வழி. மாரி பிறந்தால் அவையும் சேறு. காலபோகம் முடிந்து, பாதை காய்ந்து, ஆறுகளில் தண்ணீர் வற்றிய பிறகே சனம் தூரப்பயணத்தை நினைத்துப் பார்க்கும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அந்தக் காய்ந்த காலத்தில்தான் வருகிறது. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை, நந்திக்கடல் ஓரத்தில் உள்ள அந்தக் கோயிலில் பொங்கல். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரை ஊற்றி விளக்கெரிப்பார்கள். வன்னி முழுவதும் அந்தக் கிழமை வேறு நினைப்பில் இராது. உடையார்கட்டுப் பக்கத்திலிருந்து வற்றாப்பளை, இன்றைய பஸ்ஸில் ஒரு காலைப் பயணம். வண்டில் மாடு மணிக்கு மூன்று நான்கு கிலோமீற்றர்தான் நடக்கும். வெயிலில் அதுவும் நடக்காது. ஆகவே பின்னேரம் பூட்டி, இரவில் நடத்தி, விடியப்புறம் மரநிழல் பார்த்து அவிழ்ப்பதுதான் வழக்கம்.

வண்டிலில் ஏறுபவை எவை என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அடித்தட்டில் வைக்கல். அது மாட்டுக்குத் தீனி, ஆட்களுக்கு மெத்தை. அதன் மேல் பாய். அரிசியும் தேங்காயும் புதுப்பானையும் முன்பக்கம்; தண்ணீர்க் குடம் பிள்ளைகளின் கை படாத மூலையில். மேலே கிடுகால் வேய்ந்த வளைகூடாரம். கீழே, அச்சுக்கு அருகில் ஒரு லாந்தர் தொங்கும். பாதைக்கு வெளிச்சம் வேண்டும், காட்டு விலங்குக்கு ஆள் நடமாட்டம் தெரியவும் வேண்டும். தங்குமிடத்தில் வண்டில்களை நெருக்கமாக விட்டு, மாடுகளை நடுவில் கட்டி, வெளியே நெருப்பு மூட்டுவார்கள். மூன்று கல்லை வைத்தால் அடுப்பு. அவிழ்த்த வண்டிலின் நுகத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் தட்டு சமமாகிப் படுக்கை.

மடுவுக்குப் போன கத்தோலிக்கக் குடும்பங்களும் இதே முறையில்தான் போயின. ஆடியில் ஒன்றும் ஆவணியில் ஒன்றுமாக மடு மாதா கோயிலுக்கு இரண்டு பெருந்திருவிழாக்கள். ஆவணித் திருநாள் ஓகஸ்ட் 15. நவநாளுக்கே வந்து கோயிலைச் சூழ்ந்த காட்டில் கொட்டில் போட்டு, சமைத்து, நாட்கணக்கில் தங்குவது அங்கே இன்றைக்கும் விடுபடாத வழக்கம். இலங்கையில் குடும்பமாகக் காட்டில் தங்கும் பழைய, பெரிய மரபுகளில் இதுவும் ஒன்று. சிங்களவரும் தமிழரும் ஒரே மரக்கூட்டத்தின் கீழ் அடுப்பு மூட்டிய இடம் அது.

அந்த வண்டிலைச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். வன்னிக் காட்டில் முதிரையும் பாலையும் தாராளம். சில்லுக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் அறைந்து, வட்டை பொருத்துவது தச்சரின் வேலை. அதற்கு மேல் கொல்லர் வருவார். இரும்புப் பட்டத்தை மரச்சில்லின் சுற்றளவைவிடச் சற்றே சிறிதாக அடித்து, நெருப்பில் வட்டமாகச் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கிச் சில்லின் மேல் இறக்கி, மரம் கருகி எரிய முன் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டம் சுருங்கி மூட்டுகளையெல்லாம் இறுக்கும். ஆணி தேவையில்லை. நன்றாகப் பிடித்த சில்லு சேற்றிலும் கல்லிலும் ஆண்டுக்கணக்கில் கழன்று வராது. வண்டில் வாங்கப் போகிறவர் மாட்டைப் பார்க்கும் அதே கவனத்தோடு சில்லைச் சுற்றிப் பார்த்தது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இலங்கை வயல்களில் உழவு இயந்திரம் பரவத் தொடங்கியது. பெரிய மிசின்களில் வன்னி அதிகம் விரும்பியது மசி பெர்கூசனை. 1950களின் கடைசியில் வந்த 35, அறுபதுகளின் நடுவில் வந்த 135 ஆகிய இரண்டையும் எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்கள். 135 இல் இருந்தது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் இயந்திரம். ஊர் மெக்கானிக் கழற்றிப் பூட்டக்கூடிய எளிமை அதற்கு உண்டு. சிறியவற்றில் வந்தது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் அருகே ஹக்னலில் இருந்த லாண்ட்மாஸ்டர் நிறுவனத்தின் இருசில்லு மிசின். அதற்குப் பின் யப்பானின் குபோட்டாவும் மற்றவையும் வந்து சந்தையைப் பிடித்தன. ஆனாலும் வன்னியில் இருசில்லு மிசின் எந்தக் கம்பனியின் தயாரிப்பாக இருந்தாலும் இன்றுவரை அது லாண்ட்மாஸ்டர்தான்.

எதை எடுப்பது? நாலுசில்லு மிசின் வைத்திருப்பவர் ஊரில் பெரிய கமக்காரர். தன் வயலை உழுது, அயலவரின் வயலைக் கூலிக்கு உழுது, சூடடித்து, மணலும் விறகும் ஏற்றினால்தான் அதன் விலை வரும். இரண்டு மூன்று ஏக்கர் குடும்பத்துக்கு லாண்ட்மாஸ்டர் போதும். அது குறைந்த டீசல் குடிக்கும். ஒடுங்கிய வரம்புப் பாதையிலும் போகும். புதைந்தால் நாலு பேர் சேர்ந்து தள்ளி எடுக்கலாம். பெட்டியைக் கழற்றிச் சுழல்கலப்பையைப் பூட்டினால் வயலுக்கு இறங்கிவிடும்.

ஓட்டுவது மட்டும் பழக்கத்தில் வரவேண்டிய கலை. ஓட்டுபவர் இருப்பது மிசினில் அல்ல, பெட்டியின் முன்பலகையில். இரண்டு நீண்ட கைபிடிகளையும் பிடித்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்துக் கிளச்சை அழுத்தினால் அந்தப் பக்கச் சில்லு இழுவையை விட, மிசின் அந்தப் பக்கம் திரும்பும். இது மட்டத்திலும் ஏற்றத்திலும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளும். அப்போது இடது கிளச்சை அழுத்தினால் மிசின் வலது பக்கம் வெட்டும். குளக்கட்டிலிருந்து இறங்கும் இடத்தில் இதை மறந்தவர்கள் வாய்க்காலுக்குள் போயிருக்கிறார்கள். பெட்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், வேகத்தைக் குறைத்து, கையால் திருகியே இறக்குவார். பிரேக் இருப்பது பெட்டியின் சில்லில், ஓட்டுபவரின் கால்மாட்டில்.

மிசினை எல்லோரும் கடையில் வாங்கினார்கள். பெட்டியை அவரவர் செய்வித்தார்கள். குடும்பத்தின் தேவை தெரிவது அதில்தான். மசி பெர்கூசன் என்ற பெயரில் வரும் ஹரி பெர்கூசன் தன் மிசினோடு விற்ற பெட்டியில் அச்சை நடுவிலிருந்து பின்தள்ளி வைத்திருந்தார். பாரத்தின் ஒரு பங்கு மிசினின் பின்சில்லுகளில் இறங்கி, அவை வழுக்காமல் பிடிக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. வன்னிப் பட்டறைகளும் இதே கணக்கில்தான் இருசில்லுப் பெட்டியைச் செய்தன. அச்சு அளவுக்கு மீறிப் பின்னால் போனால் மிசினின் முன்பக்கம் ஏற்றத்தில் கிளம்பும்; முன்னால் வந்துவிட்டால் பெட்டி பின்பக்கம் சரிந்து, இழுவை கெட்டுவிடும். பழைய லொறியின் அச்சும் ரயரும் கிடைத்தால் நல்லது. அடிப்பலகைக்கு முதிரை. பக்கப்பலகைகள் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்: மணலுக்கு உயரம் குறைவு, வைக்கலுக்கு அதிகம், ஆட்களுக்கு அதன் நடுவில். நாலு மூலையிலும் கம்பு குத்த இடம் விட்டால், மேலே தறப்பாள் கட்டி வெயிலையும் பனியையும் தடுக்கலாம். பாரத்தை அச்சின் மேல் வைப்பது, நெல்மூட்டையை அடியில் போட்டு ஆட்களை மேலே ஏற்றுவது என்று ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு இருந்தது. பெட்டி பிரண்டால் உயிர் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மிசினும் பெட்டியும் இந்தப் பக்கத்தில் பெருகியதற்கு மிளகாய் ஒரு முக்கிய காரணம். அறுபதுகளில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்களுக்கெனக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1970 இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்ததும், செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. காட்டை வெட்டிக் கிணறு தோண்டிய இளைஞர்கள் சில போகங்களிலேயே மிசின் வாங்கினார்கள். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது மிளகாய் விலை விழுந்தது. அதே ஆண்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலால் மலையகத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களும் இந்த மண்ணில் வந்து சேர்ந்தன. அதற்குள் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டில் வரிசையோடு மிசின் வரிசையும் சேர்ந்துவிட்டது. முன்பு ஓர் இரவு எடுத்த பாதை இரண்டு மணித்தியாலமானது. தங்கும் முறை மாறவில்லை. லாந்தர் இருந்த இடத்தில் மிசினின் முன்விளக்கு, கிடுகுக் கூடாரம் இருந்த இடத்தில் தறப்பாள், அவ்வளவே.

1990 இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது எரிபொருள் தடை வந்தது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரு துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பஸ் அபூர்வமான இடங்களில் பெட்டி பூட்டிய மிசினே பயணிகள் வண்டியாகவும் ஆஸ்பத்திரி வண்டியாகவும் ஓடியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் பெயர்ந்தது. பல இலட்சம் பேர் தென்மராட்சிக்கு வந்து, அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குள் இறங்கினார்கள். கரையில் நின்ற மிசின் பெட்டிகளே அவர்களைக் கிளிநொச்சிக்கும் அதற்கு அப்பாலும் ஏற்றிச் சென்றன. நகரத்துக் குடும்பங்கள் பல வாழ்க்கையில் முதன்முதலாக மரத்தின் கீழ் அடுப்பு மூட்டியது அப்போதுதான். எதை முதலில் ஏற்றுவது, தண்ணீரை எங்கே வைப்பது, தறப்பாளை எப்படி இழுத்துக் கட்டுவது என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வன்னிச் சனம்.

2008 இல் வன்னிக்குள்ளேயே இடப்பெயர்வு, மேற்கிலிருந்து கிழக்காக, நடந்தது. மன்னார்ப் பக்கத்திலிருந்து மல்லாவி, துணுக்காய், அக்கராயன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. நவம்பர் கடைசியில் ‘நிஷா’ புயல் கொட்டிய மழையில் கொட்டில்கள் மிதந்தன. அந்த மாதங்களில் பெட்டிகளில் ஏறியவற்றைப் பார்த்தால் அந்தச் சனத்தின் மனம் புரியும். கூரைத்தகரம், ஓடு, கதவு, யன்னல், கிணற்றுக் கப்பி, நெல்மூட்டை, தையல் மிசின், கோழிக்கூடு. போகும் இடத்தில் மறுபடியும் ஒரு வீடு போட வேண்டும் என்ற நினைப்பு அது. பெட்டி இல்லாதவர்கள் சைக்கிளில் கட்டினார்கள். மிசின் உள்ளவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவிட்டு அயலவரை ஏற்ற இரண்டாம் முறை திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பாரம் குறைந்தது. முதலில் ஓடு போனது, பிறகு தகரம், பிறகு நெல்.

2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி அரச படையிடம் விழுந்தது. அந்த மாதம் 20ஆம் திகதியை அடுத்து, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம் பகுதிகளை உள்ளடக்கிய ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் நிலத்தை அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. ஏ-35 வீதியின் இரண்டு பக்கமும் மிசின்களும் பெட்டிகளும் தறப்பாள்களும் நெருங்கி நின்றன. பெட்டிக்குக் கீழே பங்கர் வெட்டிச் சனம் படுத்தது. உடையார்கட்டுப் பாடசாலை ஆஸ்பத்திரியாக மாறியிருந்தது. அறிவித்த சில நாட்களிலேயே அந்த வலயத்துக்குள் எறிகணைகள் விழுந்து பெருந்தொகையானோர் கொல்லப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவு செய்தது. அதே பெட்டிகள் காயக்காரரை ஏற்றின, பிறகு புதுமாத்தளன் பக்கம் நகர்ந்தன. மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் கையில் ஒரு பை மட்டுமே இருந்தது. மிசின்கள் அந்தக் கடற்கரையிலேயே நின்றுவிட்டன.

பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அது 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை குடும்பங்கள் தவணை தவணையாக ஊர் திரும்பின. வயல் காடாகிக் கிடந்தது, உழ மிசின் இல்லை. இந்திய அரசு வடமாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. அவை கமக்கார அமைப்புகள், கமநல நிலையங்கள் வழியாக வேலைக்கு வந்தன. லீசிங் கம்பனிகள் வந்து கடனுக்கு மிசின் விற்றன. தவணை கட்டமுடியாமல் மிசினைத் திருப்பிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. முள்ளிவாய்க்கால் பக்கத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் மிசின்களும் துருவேறின. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் இரும்பாகப் போயின.

இன்று வற்றாப்பளைப் பொங்கலுக்கு விசேட பஸ்கள் ஓடுகின்றன. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற உறவினரைக் குளிரூட்டிய வான்கள் ஏற்றி இறக்குகின்றன. அவற்றுக்கு நடுவில், தறப்பாள் கட்டிய லாண்ட்மாஸ்டர் பெட்டிகளும் பானையும் பாயும் பிள்ளைகளுமாக வந்து நிற்கத்தான் செய்கின்றன.

போரின் வரலாற்றைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கிய இந்த வண்டிகளின் வரலாற்றை முறையாக எழுதியவர்களைக் காண்பது அரிது. வண்டில் சில்லுக்குப் பட்டம் போட்ட கொல்லர்களிலும், பெட்டிக்கு அச்சு வைத்த பட்டறைக்காரர்களிலும் இன்றும் உயிரோடு இருப்பவர்கள் சிலரே. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் உள்ள பாடசாலைகளும் கமக்கார அமைப்புகளும் நினைத்தால், ஒரு பழைய வண்டிலையும் ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியையும் கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றலாம். உங்கள் வளவு மூலையில் பழைய பெட்டி ஒன்று கிடந்தால், இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் பட்டறையில், எந்த மரத்தில் செய்தது, யாரை ஏற்றிக்கொண்டு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.